இ.ஏ. பாரம் கைக்கு வந்ததும்: வருமான வரிக் கேள்வி பதில்

பிப்ரவரி முடிவதற்குள் முதலாளி, ஆண்டுச் சம்பள விவரம் அடங்கிய இ.ஏ. பாரத்தைத் தொழிலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். மார்ச் 1-ஆம் தேதி மலேசிய வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்தில் இ-பைலிங் திறக்கிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட அலுவலகங்களிலும், ஈப்போ, கமுண்டிங் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும், வங்கிகளிலும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். வேறு ஆண்டைக் குறிப்பிடாத இடங்களில் தொகைகள் எல்லாம் 2025 மதிப்பீட்டு ஆண்டுக்கு, அதாவது 2026-இல் நீங்கள் காட்டப் போகும் கணக்குக்கு உரியவை.

கேள்வி: வணக்கம். கம்பெனித் தோட்டம் ஒன்றில் தலைமைக் கிராணியாக இருக்கிறேன். மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. தோட்டத்துக் குவாட்டர்ஸில் குடும்பத்தோடு வாடகை இல்லாமல் இருக்கிறோம். இம்முறை இ.ஏ. பாரத்தில் வீட்டுக்கென்று 16,200 வெள்ளி போட்டிருக்கிறார்கள். கையில் வராத காசுக்கு வரியா?
— தோட்ட அலுவலக ஊழியர், சுங்கை சிப்புட்

பதில்: கையில் வராவிட்டாலும், முதலாளி தரும் வீடு வருமானத்தில் சேரும். அது சட்டம்தான். ஆனால் உங்களுக்குப் போட்டிருக்கும் தொகை தவறு.

கம்பெனி தரும் வீட்டுக்கு இரண்டு விதமான கணக்கு உண்டு. பட்டணத்தில் தாமான் வீட்டையோ அடுக்குமாடி வீட்டையோ கம்பெனி எடுத்துக் கொடுத்தால், அந்த வீட்டின் வாடகை மதிப்பு, உங்கள் மொத்தச் சம்பள வருமானத்தில் 30 விழுக்காடு, இவ்விரண்டில் எது குறைவோ அது வருமானமாகும். தோட்டத்துக்குள் இருக்கும் வீடு, காட்டுக்குள் இருக்கும் வீடு, ஹாஸ்டல், வீட்டுவரி விதிக்கப்படாத கட்டடம் ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கு கிடையாது. இவற்றுக்கு மொத்தச் சம்பள வருமானத்தில் 3 விழுக்காடு மட்டும்தான்.

உங்கள் ஆண்டுச் சம்பளம் 54,000. அதில் 30 விழுக்காடு 16,200. உங்கள் பாரத்தில் இருப்பது அதுதான். 3 விழுக்காடு என்றால் 1,620. சம்பளக் கணக்கைத் தலைமையகத்தில் போடுகிறவர், பட்டணத்து அதிகாரிகளுக்குப் போடும் கணக்கையே தோட்டத்து ஊழியருக்கும் போட்டால் இப்படித்தான் ஆகும்.

இதனால் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். தனிநபர் கழிவு 9,000, இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) கழிவு 4,000, சொக்சோவும் (சமூகப் பாதுகாப்பு) இ.ஐ.எஸ்.ஸும் (வேலைக் காப்புறுதி) சேர்த்து 350 ஆகியவற்றை மட்டும் கழிப்போம். 1,620 என்று சேர்த்தால் வரிக்குரிய வருமானம் 42,270. வரி 1,036 வெள்ளி 20 காசு. 16,200 என்று சேர்த்தால் வரிக்குரிய வருமானம் 56,850. வரி 2,253 வெள்ளி 50 காசு. ஒரே ஒரு கட்டத்தில் விழுந்த தவறுக்கு 1,217 வெள்ளிக்கு மேல் கூடுதல் வரி.

செய்ய வேண்டியது இது. பாரத்தில் பி பகுதியின் 4-ஆவது வரிசை, ‘நிலாய் தெம்பாட் கெடியாமான்’ (குடியிருப்பின் மதிப்பு) என்று இருக்கும். பக்கத்தில் வீட்டு முகவரியும் இருக்க வேண்டும். அது தோட்டத்து முகவரிதானா என்று பாருங்கள். பிறகு மனிதவளப் பிரிவுக்கு எழுத்து மூலம், ‘வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது, 3 விழுக்காட்டுக் கணக்குப்படி இ.ஏ. பாரத்தைத் திருத்திக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. உங்கள் விவரங்களை முதலாளி வரி வாரியத்துக்கும் தனியாக அனுப்புகிறார். அங்கேயும் அவர்தான் திருத்த வேண்டும். நீங்கள் மட்டும் இ-பைலிங்கில் 1,620 என்று போட்டுவிட்டால் இரண்டு இடத்துக் கணக்கும் ஒத்துப்போகாது. பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஆண்டின் நடுவில் குவாட்டர்ஸுக்குக் குடிவந்தவர்களுக்கு, இருந்த மாதங்களுக்கு மட்டும்தான் கணக்கு.

வீட்டோடு சேர்த்துக் கம்பெனி தோட்டக்காரர் வைத்துக் கொடுத்திருந்தால் மாதம் 300 வெள்ளி, வீட்டு வேலையாளுக்கு மாதம் 400 வெள்ளி என்று 3-ஆவது வரிசையில் சேரும். இது பெரும்பாலும் துணை மேனேஜர்களுக்குப் பொருந்தும். டிவிஷன் டிவிஷனாகச் சுற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலைக்காகச் சுற்றுவதற்குக் கிடைக்கும் பெட்ரோல், டோல் அலவன்சில் ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை வரி கிடையாது. அந்தத் தொகை எப் பகுதியில் இருக்க வேண்டும். பி பகுதியில் சம்பளத்தோடு கலந்திருந்தால் அதையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, ‘வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 இருக்கிறது, டிசம்பரில் ஒரு கைப்பேசி வாங்கினால் 2,500 வெள்ளி வரி மிச்சம்’ என்று எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். நானும் வாங்கினேன். ஆனால் இ-பைலிங்கில் போட்டுப் பார்த்தால் 150 வெள்ளிதான் குறைகிறது. எங்கே தவறு?
— தொழிற்சாலைக் கணக்குப் பிரிவு, ஈப்போ

பதில்: உங்கள் கணக்கில் தவறு இல்லை; அலுவலகத்துப் பேச்சில்தான் தவறு. கழிவு என்பது வருமானத்திலிருந்து கழிவது. வரியிலிருந்து நேராகக் கழிவது தள்ளுபடி. கழிவினால் எவ்வளவு மிச்சமாகும் என்பது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வரிக்குரிய வருமானத்தில் முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அதற்கு மேல் 20,000 வரை 1 விழுக்காடு, 35,000 வரை 3, 50,000 வரை 6, 70,000 வரை 11, 1 லட்சம் வரை 19, அதற்கு மேல் 4 லட்சம் வரை 25. நீங்கள் 6 விழுக்காட்டுப் படியில் இருக்கிறீர்கள். 2,500-இல் 6 விழுக்காடு 150. அதே கைப்பேசி 19 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 475 வெள்ளி மிச்சப்படுத்தும். எந்தப் படியானாலும் வரிக்காகக் கைப்பேசி வாங்குவது நஷ்டம்தான். எப்படியும் வாங்கப் போகிற பொருளுக்கு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கழிவு இருக்கிறது என்பதற்காகப் பொருளைத் தேடாதீர்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சின்னத் தொகை பெரிய வேலை செய்யும். அதைப் பலரும் கவனிப்பதில்லை. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. தாண்டிவிட்டால், ஒரு வெள்ளி தாண்டினாலும், 400-உம் போய்விடும்.

மேலே உள்ள கிராணியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 42,270-இலிருந்து பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கு 4,000, வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 போனால் 35,770. வரி 646 வெள்ளி 20 காசு. இன்னும் 770 வெள்ளிக் கழிவு கிடைத்தால் வருமானம் சரியாக 35,000. வரி 600, தள்ளுபடி 400, கட்ட வேண்டியது 200. அந்த 770 வெள்ளி 446 வெள்ளி 20 காசை மிச்சப்படுத்துகிறது.

ஆகவே உங்கள் வருமானம் 35,000-க்குச் சற்று மேலே நிற்கிறதென்றால், 2025 ரசீதுகளை மறுபடியும் புரட்டுங்கள். பேட்மிண்டன் கோர்ட் வாடகை, ஜிம் கட்டணம், ஓட்டப் பந்தயப் பதிவுக் கட்டணம், விளையாட்டுச் சாதனம் ஆகியவற்றுக்கு வாழ்க்கைமுறைக் கழிவு போகத் தனியாக 1,000 வெள்ளி உண்டு. விளையாட்டுச் சப்பாத்தும் உடுப்பும் அதில் சேராது. உங்களுக்கோ துணைக்கோ பிள்ளைக்கோ பல் மருத்துவரிடம் பார்த்த செலவுக்கு 1,000 வெள்ளி வரை உண்டு. அழகுக்காகச் செய்தது சேராது. வீட்டு இணையக் கட்டணம் உங்கள் பெயரில் இருந்தால் அதுவும், புத்தகம், வார மாத இதழ், நாளிதழ் வாங்கிய செலவும் வாழ்க்கைமுறைக் கழிவின் 2,500-க்குள் வரும்.

2025-க்கு இனி புதிதாகச் செலவழித்துப் பயன் இல்லை. டிசம்பர் 31-ஓடு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. மார்ச், ஏப்ரலில் நாம் செய்வது எழுதிக் காட்டும் வேலை மட்டுமே. மிச்சப்படுத்தும் வேலை ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை நடக்கிறது. 2026-க்காக இப்போதே ஒரு தாளில் உங்கள் வரிக்குரிய வருமானத்தைத் தோராயமாகப் போட்டு வைத்து, நவம்பரில் மறுபடியும் பாருங்கள். சில நூறு வெள்ளி தள்ளி நிற்கிறதென்றால் பிள்ளையின் எஸ்.எஸ்.பி.என். கணக்கில் அந்தத் தொகையைப் போடலாம். அது செலவும் இல்லை. பிள்ளையின் படிப்புக்கான சேமிப்பு. ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. ஆனால் அந்த ஆண்டில் போட்டதிலிருந்து எடுத்ததைக் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கு. ஜூனில் 3,000 எடுத்துவிட்டு டிசம்பரில் 3,000 போட்டால் கழிவு பூஜ்யம்.

கேள்வி: என் கணவர் வங்கியில் மாதம் 9,000 வெள்ளி வாங்குகிறார். நான் பாலர் பள்ளி ஆசிரியை, மாதம் 2,000. மூன்று பிள்ளைகள், மூத்தவள் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டினால் மனைவிக்கு 4,000 கழிவு கிடைக்கும் என்கிறார்களே, அப்படிச் செய்யலாமா?
— குடும்பத் தலைவி, கோலக்கங்சார்

பதில்: வேண்டாம் சகோதரி. சேர்த்துக் காட்டினால் உங்கள் ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி கணவர் தலையில் ஏறும். அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது 4,000 கழிவு மட்டும். அவர் நிற்கும் படி 11 அல்லது 19 விழுக்காடு. தனியாகக் காட்டினால் உங்களுக்கு வரியே வராது: 24,000-இல் 9,000-உம் இ.பி.எப். 2,640-உம் போனால் 12,360. வரி 73 வெள்ளி 60 காசு. 400 தள்ளுபடியில் அது அடிபட்டுப் போகும். சேர்த்துக் காட்டுவது, மனைவிக்குச் சிறிதளவே வருமானம் இருக்கும் வீடுகளுக்குத்தான் பயன்படும்.

உங்கள் வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டியது பிள்ளைகள் கழிவை. 18 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைக்கு 2,000. மூத்தவள் முழுநேரமாக டிப்ளோமா அல்லது பட்டப் படிப்பு படிக்கிறாள் என்றால் 8,000. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு என்றால் 2,000 மட்டுமே. மொத்தம் 12,000. இதை நீங்கள் எடுத்தால் ஒரு காசும் மிச்சமாகாது. உங்களுக்குத்தான் வரியே இல்லையே. மூவரையும் கணவர் கணக்கில் போடுங்கள். ஒரே பிள்ளையை இருவரும் முழுதாகப் போட்டுவிடுவதுதான் இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. 

இன்னொன்று: நீங்கள் தனியாகக் கணக்குக் காட்டும்போது, கணவர் ‘மனைவி 4,000’ கட்டத்தை நிரப்பக் கூடாது. போன ஆண்டு நிரப்பியதையே பழக்கத்தில் இந்த ஆண்டும் நிரப்பி, பிறகு தண்டத்தோடு திருப்பிக் கட்டுகிறவர்கள் உண்டு.

கேள்வி: ஜூன் வரை கமுண்டிங்கில் ஒரு கம்பெனியில் 5,000 வெள்ளி சம்பளம். ஜூலையிலிருந்து ஈப்போவில் வேறு கம்பெனி, 5,500. புது இடத்தில் பி.சி.பி. (மாதாந்திர வரிப் பிடித்தம்) ஒரு காசும் பிடிக்கவில்லை, நல்லதென்று இருந்துவிட்டேன். இப்போது இ-பைலிங் 840 வெள்ளி கட்டச் சொல்கிறது.
— இயந்திரப் பொறியாளர், ஈப்போ

பதில்: பழைய வேலையின் சம்பள விவரத்தைக் காட்டும் டிபி3 பாரத்தைப் புது முதலாளியிடம் கொடுக்காததன் விளைவு இது. பி.சி.பி. ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகப் போடும் கணக்கு அல்ல. முழு ஆண்டு வருமானத்தை முன்கூட்டி மதிப்பிட்டு மாதங்களுக்குப் பிரிப்பது. பழைய கம்பெனி உங்கள் ஆண்டு வருமானம் 60,000 என்று எடுத்துக்கொண்டு மாதம் 110 வீதம் ஆறு மாதத்துக்கு 660 பிடித்தது. புது கம்பெனிக்கு முந்தைய ஆறு மாதம் தெரியாது. அதன் பார்வையில் உங்கள் ஆண்டு வருமானம் ஆறு மாதச் சம்பளமான 33,000 மட்டுமே. அதில் 9,000 தனிநபர் கழிவையும் இ.பி.எப். 3,630-ஐயும் முழுதாகக் கொடுத்து, 400 தள்ளுபடியும் கொடுத்தது. வரி பூஜ்யம் ஆகிவிட்டது. ஒரே கழிவு இரண்டு இடத்தில் ஓடியிருக்கிறது.

உண்மைக் கணக்கு: 63,000-இல் 9,000-உம் 4,000-உம் போக 50,000, வரி 1,500. கட்டியது 660, பாக்கி 840. இ-பைலிங் சொல்வது சரி. சொக்சோ, வாழ்க்கைமுறை போன்ற மற்றக் கழிவுகளை நீங்கள் இன்னும் நிரப்பவில்லை என்றால் அவற்றைப் போட்ட பிறகு இது குறையும். இ.பி.எப். கட்டத்தில் இரண்டு இ.ஏ. பாரத்திலும் உள்ள 3,300-ஐயும் 3,630-ஐயும் கூட்டிப் போட்டாலும் 4,000-க்கு மேல் ஏற்காது.

ஜூலையிலேயே பழைய கம்பெனியின் சம்பள விவரத்தை டிபி3-இல் எழுதிக் கொடுத்திருந்தால், இதே 840 வெள்ளி மாதம் 140 வீதம் பிடிபட்டிருக்கும். வேலை மாறுகிறவர்கள் முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே அந்தப் பாரத்தைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். பல இடங்களில் அவர்களாகக் கொடுப்பதில்லை. பழைய இ.ஏ. பாரத்தை மறைத்துப் புதியதை மட்டும் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு முதலாளிகளும் உங்கள் பெயரில் விவரம் அனுப்பியிருப்பார்கள். குறைத்துக் காட்டிய வரிக்கு நூற்றுக்கு நூறு வரை தண்டம் போட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

இதற்கு நேரெதிரான பாரம் டிபி1. நீங்கள் ஆண்டின் நடுவில் செய்த செலவுகளை அதில் எழுதி முதலாளியிடம் கொடுத்தால் அந்த மாதம் முதல் பி.சி.பி. குறையும். மே மாதம் 4,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி கட்டியவர், அதன் பயனுக்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை காத்திருக்கத் தேவையில்லை. கொடுப்பது கட்டாயமில்லை; மாதச் செலவு நெருக்கும் குடும்பங்கள் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. ரசீதுகளை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஈப்போ தனியார் மருத்துவமனையில் கண் புரை அறுவை சிகிச்சை. நாங்கள் மூன்று பிள்ளைகள் பணம் போட்டோம். ரசீது அப்பா பெயரில் இருக்கிறது. யார் கழிவு எடுப்பது? அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போய் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்ததையும் சேர்க்கலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு, 2025 முதல் தாத்தா பாட்டிக்குச் செய்த செலவும் இதில் அடங்கும். நோயாளியின் பெயரில் ரசீது இருப்பது குற்றமில்லை. பணம் கட்டியது நீங்கள்தான் என்பதற்கு வங்கிப் பரிமாற்றச் சீட்டோ அட்டைச் சீட்டோ வேண்டும். அவரவர் கட்டிய தொகையை அவரவர் போடலாம். ஒரே வெள்ளியை இரண்டு பேர் போடக் கூடாது. மூவரும் அண்ணனிடம் ரொக்கமாகக் கொடுத்து அவர் அட்டையில் கட்டியிருந்தால் மற்ற இருவருக்கும் ஆதாரம் இல்லாமல் போகும். அடுத்த முறை மருத்துவமனைக் கவுண்டரிலேயே தனித்தனியாகக் கட்டித் தனித்தனி ரசீது கேளுங்கள்.

சென்னைச் செலவு சேராது. சிகிச்சை மலேசியாவில், பதிவு பெற்ற மருத்துவரிடம் நடந்திருக்க வேண்டும். நாட்டு வைத்தியர், எண்ணெய் தேய்ப்பு நிலையங்களின் ரசீதும் செல்லாது. முழு உடல் பரிசோதனையும் தடுப்பூசியும் 8,000-க்குள் 1,000 வரைதான். மாமனார் மாமியாருக்கு நீங்கள் செலவழித்தால் உங்களுக்குக் கழிவு கிடையாது. அவர்களுடைய பிள்ளையான உங்கள் மனைவியோ கணவரோ கட்டியதாக இருந்தால் அவர் எடுக்கலாம். பெற்றோருக்காக நீங்கள் கட்டும் மருத்துவக் காப்புறுதிப் பிரீமியத்தையும் போடாதீர்கள். அந்த 4,000 வெள்ளிக் கழிவு உங்களுக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. முகவர்கள் சிலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருப்பணிக்கு 1,000 வெள்ளியும், தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு 500 வெள்ளியும் கொடுத்தேன். கழிவு உண்டா?

பதில்: கோயில் ரசீதை எடுத்துப் பாருங்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அனுமதி பெற்றது என்ற குறிப்பும் அனுமதி எண்ணும் அச்சாகி இருந்தால் உண்டு, இல்லையென்றால் கிடையாது. சங்கப் பதிவு இருப்பது மட்டும் போதாது. அனுமதி பெற்ற நிறுவனங்களுக்குக் கொடுப்பது மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழியும். கோயில் நிர்வாகங்கள் முறையாக விண்ணப்பித்து இந்த அனுமதியைப் பெற முன்வர வேண்டும் என்று இங்கே வற்புறுத்திச் சொல்கிறோம். பெரிய திருப்பணிக்குக் கம்பெனிகளிடம் நன்கொடை கேட்கப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.

பள்ளி நூலகத்துக்குக் கொடுத்த பணத்துக்கு வேறு விதி. 20,000 வெள்ளி வரை கழிவு உண்டு. நூலகத்துக்கென்று பள்ளி கொடுத்த ரசீது வேண்டும். பொதுவாக ‘நன்கொடை’ என்று மட்டும் எழுதிய சீட்டு போதாது.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போவதால் மூன்று வயதுப் பிள்ளையைத் தோட்டத்து ஆயா கொட்டகையில் விடுகிறோம். மாதம் 150 வெள்ளி. இதற்குக் கழிவு?

பதில்: 6 வயதும் அதற்குக் குறைவும் உள்ள பிள்ளைக்கான பராமரிப்பு, பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு 3,000 வெள்ளி வரை உண்டு. ஆனால் பராமரிப்பு நிலையம் சமூகநலத் துறையிலும், பாலர் பள்ளி கல்வி அமைச்சிலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் கொட்டகை பதிவு பெற்றதா என்று தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுக் கொடுக்கும் பணத்துக்குக் கழிவு இல்லை. கழிவை ஒரு பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர்தான் எடுக்கலாம்.

கேள்வி: எங்கள் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு அலுவலக ஊழியர்களை நிறுத்திவிட்டார்கள். எனக்கு 14 ஆண்டு 7 மாத சேவை, வயது 46. 52,000 வெள்ளி இழப்பீடும், எடுக்காத விடுப்புக்கு 2,600 வெள்ளியும் வர வேண்டும். கம்பெனி பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. 58 வயதில் ஓய்வு பெற்ற என் மேலாளருக்கும் பணிக்கொடை வந்தது. எங்களுக்கு எவ்வளவு வரி?

பதில்: வேலை போனதற்கான இழப்பீட்டில், முழுதாக முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10,000 வெள்ளி வரி விலக்கு. உங்களுக்கு முடிந்தது 14 ஆண்டு. 7 மாதம் கணக்கில் வராது. 1,40,000 வரை விலக்கு இருப்பதால் 52,000-க்கும் வரி இல்லை. விடுப்புப் பணம் 2,600 சம்பளத்தோடு சேரும். அதற்கு வரி உண்டு. இ.ஏ. பாரம் வந்ததும் இரண்டையும் சேர்த்து 54,600 என்று பி பகுதியில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வரி விலக்குள்ள 52,000 எப் பகுதிக்குப் போக வேண்டும்.

புதிய உரிமையாளர் அதே சேவைக் காலத்தைத் தொடர்ந்து ஏற்று உங்களை வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தால் கதை வேறு. வேலை போகாத இடத்தில் கொடுத்த பணத்தை இழப்பீடு என்று வாரியம் ஏற்காமல் போகலாம். நிறுத்தற்கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் மேலாளர் 55 வயதைத் தாண்டி, அதே முதலாளியிடம் 10 ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்தால் அவருடைய பணிக்கொடை முழுதும் வரியற்றது. இந்த நிபந்தனைகளுக்குள் வராதவர்களுக்கு முடிந்த ஓர் ஆண்டுக்கு 1,000 வெள்ளி மட்டுமே விலக்கு.

பணத்தைப் பிடித்து வைப்பதற்குக் காரணம் சிபி22ஏ. ஊழியரை அனுப்பும்போது முதலாளி இந்தப் பாரத்தை வரி வாரியத்துக்கு அனுப்பி, வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை அல்லது பாரம் போய்ச் சேர்ந்து 90 நாள் ஆகும்வரை, எது முந்துகிறதோ அதுவரை, பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். பாரம் எந்தத் தேதியில் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 90 நாள் அதிலிருந்துதான் ஓடுகிறது. உங்கள் பழைய ஆண்டுக் கணக்குகளில் காட்டாமல் விட்டது ஏதாவது இருந்தால் உடனே காட்டிவிடுங்கள். தீர்வுக் கடிதம் பெரும்பாலும் அங்கேதான் சிக்கி நிற்கும்.

கேள்வி: 2022, 2023 இரண்டு ஆண்டும் எஸ்.எஸ்.பி.என். சேமிப்பைக் கழிவில் போட மறந்துவிட்டேன். போனது போனதுதானா?

பதில்: இல்லை. கணக்கில் நேர்ந்த தவறால் கூடுதல் வரி கட்டியவர், அந்த வரி மதிப்பீடு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் 131-ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். 2022, 2023 இரண்டுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் கோப்பு எந்தக் கிளையில் இருக்கிறதோ அங்கே விண்ணப்பத்தோடு எஸ்.எஸ்.பி.என். ஆண்டறிக்கை, அந்த ஆண்டு இ.ஏ. பாரம், திருத்திய கணக்கு மூன்றையும் வைத்துக் கொடுங்கள். முத்திரை குத்திய நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அந்தந்த ஆண்டின் உச்ச வரம்பையே பயன்படுத்துங்கள். இந்த ஆண்டுத் தொகையைப் பழைய ஆண்டுக்குப் போட்டால் திரும்பி வந்துவிடும்.

ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடைகளில் தரும் பளபளப்புத் தாள் ரசீது நம் ஊர் வெப்பத்துக்கு ஓராண்டிலேயே வெளிறிப் போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து, ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

கேள்வி: கணக்குப் போட்டால் 1,900 வெள்ளி கட்ட வேண்டும் என்று வருகிறது. கையில் அவ்வளவு இல்லை. பணம் சேர்ந்த பிறகு ஜூனில் கணக்கை அனுப்பலாமா? மாலையில் டியூஷன் எடுக்கும் வருமானமும் இருக்கிறது.

பதில்: பணம் இல்லை என்பதற்காகக் கணக்கை நிறுத்தி வைப்பது இரண்டு குற்றம் ஆகும். தாமதமாக அனுப்பினால் வழக்குக்குப் போகலாம். 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. தாமதமாகக் கட்டினால் பாக்கியில் 10 விழுக்காடு கூடும். உங்களுக்கு அது 190 வெள்ளி. ஆகவே கணக்கை நேரத்தோடு அனுப்புங்கள். தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கான பிஇ பாரத்தைக் காகிதத்தில் அனுப்ப ஏப்ரல் 30 கடைசி. இ-பைலிங்குக்கு மே 15 வரை சலுகை நாள் உண்டு. அதோடு சேர்த்துத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு உங்கள் கிளைக்கு விண்ணப்பியுங்கள். முதல் தவணையாக முடிந்ததைக் கட்டிவிட்டுக் கேட்டால் பேச்சு எளிதாகும்.

டியூஷனை ஒரு தொழில்போலத் தொடர்ந்து நடத்துகிறீர்கள் என்றால் நீங்கள் நிரப்ப வேண்டியது பிஇ அல்ல, பி பாரம். அதற்குக் கடைசி நாள் ஜூன் 30, இ-பைலிங்கில் ஜூலை 15. காப்புறுதி முகவர்களுக்கும் இணையத்தில் பொருள் விற்கிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். பி பாரத்தில் அச்சுச் செலவு, பாடநூல், வெள்ளைப் பலகை போன்ற தொழிற்செலவுகளைக் கழிக்க முடியும். அதற்கு வரவு செலவுக் குறிப்பேடு வேண்டும். பாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு வீட்டு வருமானம் மட்டும் என்றால் பிஇ பாரத்திலேயே காட்டலாம்.

திருப்பித் தர வேண்டிய பணம் இருந்தால், இ-பைலிங்கில் அனுப்பியவர்களுக்கு வாரியம் சொல்லும் கால அளவு 30 வேலை நாள். பணம் நீங்கள் பாரத்தில் எழுதிய வங்கிக் கணக்குக்குத்தான் போகும். மூடிப்போன பழைய சம்பளக் கணக்கு எண்ணை மாற்றாமல் விட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். கையொப்பம் இடும் முன் அந்த எண்ணை வங்கி அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘உங்களுக்கு வரிப் பணம் வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்’ என்று கைப்பேசிக்கு வரும் செய்தி எதையும் திறக்க வேண்டாம். மைடேக்ஸ் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.